ட்ரம்பெட் பழுது பார்த்தல்: சிக்கிய வால்விலிருந்து விட்டுப்போன பற்று வரை, வரிசையாக

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பையன் ட்ரம்பெட்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தான். "அண்ணே, ரெண்டாவது வால்வு இறங்க மாட்டேங்குது. ஆயில் ஊத்திப் பார்த்துட்டேன், அசையல" என்றான். பெல்லில், அதாவது ட்ரம்பெட்டின் விரிந்த வாயில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. அவன் கவலை முழுக்க அந்த ஒடுக்கின் மேல்தான் இருந்தது. வால்வு சிக்கியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது வால்வின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி ஸ்லைடு (செருகி இழுக்கும் வளைந்த குழாய்), கருவி கீழே விழுந்த வேகத்தில் உள்ளே தள்ளப்பட்டிருந்தது. அது வால்வு ஏறி இறங்கும் கேசிங்கை மயிரிழை அளவுக்கு அமுக்கிவிட்டது. உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் வெளிக்கூடான கேசிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே தலைமுடியை விட மெல்லியது. அந்த மயிரிழை போதும், வால்வு நின்றுவிடும்.

கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் சேதம் ஒன்று, ஊதவிடாமல் செய்யும் சேதம் வேறொன்று. இதைப் பிரித்துப் பார்க்காமல் சுத்தியலை எடுப்பதால்தான் பாதிக் கருவிகள் கெடுகின்றன. கீழே உள்ள வரிசை மூன்று பிஸ்டன் உள்ள பி-ஃபிளாட் ட்ரம்பெட்டுக்கு. கார்னெட், யூஃபோனியத்துக்கும் இதே வரிசைதான், அளவுகள் மட்டும் மாறும்.

1. கையில் எடுத்ததும் கழற்றாதீர்கள், பாருங்கள்

ட்யூப்லைட்டுக்குக் கீழே கருவியைப் பிடியுங்கள். விளக்கின் வெள்ளைக் கோடு குழாயின் மேல் ஓடும். கருவியை மெதுவாக உருட்டினால் அந்தக் கோடும் நகரும். எங்கே கோடு நெளிகிறதோ அங்கே ஒடுக்கு. விரலுக்குத் தட்டுப்படாத நெளிவைக்கூட இந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். கடைசியில் ஒடுக்கு முழுதாக எடுபட்டதா என்று பார்ப்பதற்கும் இதே கோடுதான்.

அப்புறம் காற்று போகும் வழியை மனதில் ஓட்டுங்கள். வாய் வைக்கும் மவுத்பீஸ், அது செருகும் முதல் குழாயான லீட்பைப், சுருதி சேர்க்கும் மெயின் டியூனிங் ஸ்லைடு, அங்கிருந்து மூன்றாவது வால்வு, இரண்டாவது, முதலாவது, கடைசியில் பெல். காற்று முதலாவது வால்வில்தான் முதலில் நுழையும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ட்ரம்பெட்டில் மூன்றாவது வால்வில்தான் நுழைகிறது. இது தெரிந்தால்தான் கசிவு எந்தப் பக்கம் என்று ஊகிக்க முடியும்.

வால்வு எதையும் அமுக்காமல் ஊதும்போதே ஒலி மந்தமாக இருந்தால், கோளாறு பொதுவழியில்: லீட்பைப், டியூனிங் ஸ்லைடு, வாட்டர் கீ (உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் குட்டி மூடி), பெல். இரண்டாவது வால்வை அமுக்கினால் மட்டும் கெடுகிறது என்றால் அந்த வால்விலோ அதன் ஸ்லைடிலோ. இரண்டாவது வால்வு அரைச் சுரம் இறக்கும், முதலாவது ஒரு முழுச் சுரம், மூன்றாவது ஒன்றரை. மூன்றையும் தனித்தனியாக அமுக்கி ஊதி, கண்டதை ஒரு தாளில் எழுதுங்கள். பின்னால் பத்து வேலை செய்த பிறகு "முதலில் எப்படி இருந்தது" என்பது நினைவில் இருக்காது.

இந்தக் கட்டத்திலேயே லீட்பைப்பின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்புப் புள்ளி, அதன் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு தெரிந்தால், பித்தளையில் உள்ள துத்தநாகம் உள்பக்கத்திலிருந்தே அரித்துப் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் இருப்பது துளைதுளையான செம்புதான். அதன் மேல் சுத்தியலும் வேண்டாம், பற்றும் (ஈயம் உருக்கி ஒட்டுவது) வேண்டாம். அந்தக் குழாயை மாற்றித்தான் ஆக வேண்டும்.

2. மேஜையில் இருக்க வேண்டியவை

வேலையை ஆரம்பித்துவிட்டு நடுவில் பொருள் தேடி ஓடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. பாதி இழுத்த ஸ்லைடு அப்படியே காய்ந்து மறுபடியும் சிக்கிவிடும்.

வால்வு ஆயில், ஸ்லைடுக்கான கிரீஸ், இறுகியதை இளக்கும் ஆயில் (டபிள்யூடி-40 போல ஒன்று), பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், குழாய்க்குள் போகும் நீளமான பிரஷ், வால்வு கேசிங்குக்கான பிரஷ், நூல் விடாத பருத்தித் துணி. தட்டுவதற்கு மரச் சுத்தியலும் ஒரு தோல் அல்லது நைலான் சுத்தியலும். இரும்புச் சுத்தியல் அந்த அறையிலேயே வேண்டாம்.

ஒடுக்கு எடுக்க எஃகுக் குண்டுகள் வேண்டும். இதற்கென்று விற்கும் செட் விலை அதிகம். நம் ஊரில் பேரிங் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகளே நன்றாக வேலை செய்யும். சாதாரண ட்ரம்பெட்டின் வால்வுப் பகுதிக் குழாய் உள்ளளவு 11.6 மில்லிமீட்டர் சுமார். ஆனால் நம் பேண்டு செட்களில் புழங்குபவை நிறைய மீரட்டிலிருந்து வருபவை. அளவு கருவிக்குக் கருவி மாறும். அதனால் வெர்னியரில் அளந்துவிட்டே குண்டு வாங்குங்கள். அளவை விட அரை மில்லிமீட்டர் சிறியதிலிருந்து கீழே நான்கைந்து அளவுகள் இருந்தால் போதும். பெல்லுக்கு, ஒரு பக்கம் கூம்பிப் போகும் கட்டை ஒன்றை மரக் கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதே பட்டறையில் மவுத்பீஸ் நுனிக்கு ஒரு சின்னக் கூர்ங்கட்டையும் சொல்லிவிடலாம்.

சிறு டப்பாக்கள் மூன்றில் 1, 2, 3 என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு வால்வும் அதன் ஸ்பிரிங்கும் ஃபெல்ட்டும் அதனதன் டப்பாவில். மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் பிஸ்டன் ஒவ்வொன்றும் அதன் கேசிங்குக்கே இழைக்கப்பட்டது.

3. சிக்கிய மவுத்பீஸ்

முதலில் இதை எடுக்க வேண்டும். மவுத்பீஸ் சிக்கிய கருவியைக் கழுவவும் முடியாது, லீட்பைப்பைச் சோதிக்கவும் முடியாது.

குறடு போட்டுத் திருகுவதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. மவுத்பீஸ் நுழையும் பகுதி மெல்லிய லீட்பைப்பின் மேல் பற்று வைத்து ஒட்டப்பட்டது. லீட்பைப்பை இரண்டு சின்ன பிரேஸ்கள்தான் (குழாய்களை இணைத்துப் பிடிக்கும் தாங்கிகள்) தாங்குகின்றன. திருகும் விசை முழுக்க அந்த பிரேஸ்களுக்குப் போகும். மவுத்பீஸ் வரும், கூடவே ஒரு பிரேஸும் வரும். சில சமயம் லீட்பைப்பே முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இணையும் இடத்தில் இளக்கும் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஆயில் இடுக்குக்குள் இறங்குமாறு மவுத்பீஸ் மேலே இருக்கும்படி சாய்த்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில், மவுத்பீஸ் நுழையும் வெளிக்குழாயின் மேல் மட்டும் கொதிக்காத வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். வெளிக்குழாய் சூட்டில் விரியும். துணியை எடுத்துவிட்டு, அந்த வெளிக்குழாயைச் சுற்றிலும் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், கதவைத் தட்டும் வேகத்தில். பிறகு கையால் நேராக இழுங்கள், ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் திருகாமல். வரவில்லையா? மறுபடி ஆயில், இன்னொரு ராத்திரி. அதற்கும் வராவிட்டால் மவுத்பீஸ் புல்லர் உள்ள கடைக்குப் போங்கள். அந்தச் சாதனம் இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளுவதால் பிரேஸுக்கு எந்த விசையும் போகாது. ஐந்து நிமிட வேலை.

வெளியே வந்ததும் மவுத்பீஸின் நுனியைப் பாருங்கள். கீழே விழுந்த மவுத்பீஸின் நுனி முட்டை வடிவமாகியிருக்கும். கூர்ங்கட்டையை உள்ளே விட்டு, சுழற்றிச் சுழற்றி லேசாகத் தட்டினால் வட்டம் திரும்பும். நுனி வட்டமாக இல்லாத மவுத்பீஸ்தான் அடுத்த தடவையும் சிக்கும்.

4. வால்வுகளை வெளியே எடுத்தல்

மேல் மூடியைத் திருகி, பிஸ்டனை நேராக மேலே இழுங்கள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கும். அடி மூடிகள் பெரும்பாலும் இறுகியிருக்கும். அங்கேயும் குறடு போடாதீர்கள். கேசிங்கின் அடிமரை மிக மெல்லியது, குறடு அமுக்கினால் முட்டை வடிவமாகும். ஊறுகாய் பாட்டில் மூடிக்குச் செய்வதுபோல் மூடியின் பக்கவாட்டைச் சுற்றித் தட்டி, ரப்பர் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள்.

பிஸ்டன் சிக்கியிருந்தால் மேலிருந்து தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். தண்டு வளையும், மரை நசுங்கும். அடி மூடியைக் கழற்றி, கேசிங்கை விடக் குறுகலான, துணி சுற்றிய மரக் குச்சியை அடியிலிருந்து பிஸ்டனில் வைத்து, உள்ளங்கையால் தள்ளுங்கள். இளக்கும் ஆயில் இரண்டு முனையிலும் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால் அழுக்கால் சிக்கியது இறங்கிவிடும்.

ஆயிலுக்கும் அசையாதது, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் டக்கென்று நிற்பது, இரண்டும் கேசிங் அமுங்கியதற்கு அடையாளம். அமுங்கியது இரண்டாவது வால்வாக இருந்தால், முன் சொன்ன குட்டி ஸ்லைடைப் பாருங்கள். முதலில் கருவியைத் தொடையில் வைத்து, அந்த ஸ்லைடின் வளைவைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பற்றி வெளிப்பக்கமாக மிகக் கொஞ்சம் இழுத்துவிட்டு, பிஸ்டனை அசைத்துப் பாருங்கள். மறுபடி அவ்வளவே. அந்தப் பையனின் வால்வு நான்காவது தடவையில் "சளக்" என்று இறங்கியது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்த இழுப்புக்கு மிஞ்சியதை வீட்டில் முயலாதீர்கள். கேசிங்குக்குள் துல்லியமான எஃகு உருளை விட்டுத்தான் வட்டமாக்க வேண்டும்.

பிஸ்டனில் உப்புத்தாளோ பித்தளை பாலிஷோ கூடவே கூடாது. தேய்த்த அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு எந்நாளும் காற்று கசியும். தேய்ந்த பிஸ்டனுக்கு முலாம் பூசி மறுபடி இழைக்க வேண்டும், அதன் செலவில் சில சமயம் வேறு கருவியே வாங்கிவிடலாம்.

5. சிக்கிய ஸ்லைடுகள்

மூன்றாவது ஸ்லைடில் கழன்று விழாமல் தடுக்கும் திருகோ கம்பியோ இருந்தால் அதை முதலில் எடுங்கள். அதை மறந்துவிட்டு இழுத்து, கம்பியின் பற்றைப் பிய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இணையும் இடுக்குகளில் ஆயில் விட்டு ஒரு நாள் வையுங்கள். பிறகு பழைய வேட்டியில் கிழித்த நீள நாடாவை ஸ்லைடின் வளைவுக்குள் கோத்து, இரண்டு முனையையும் ஒரு கையில் சுற்றிக்கொண்டு, குழாயின் போக்கில் நேராகச் சுண்டி இழுங்கள். விடாமல் கட்டி இழுப்பதை விடச் சுண்டுவதுதான் பிடியை உடைக்கும். இன்னொரு கை பெல்லைப் பிடிக்கக் கூடாது, வால்வுத் தொகுப்பைப் பிடிக்க வேண்டும். பெல்லைப் பிடித்து இழுத்தால் பெல்லின் பிரேஸ்தான் முதலில் விடும்.

ஒரு கால் முன்னாலும் மற்றது பின்னாலுமாக வந்தால் உடனே நிறுத்துங்கள். பின்தங்கிய காலில் ஆயில் விட்டு, முன்னே வந்ததை உள்ளே தள்ளி, மறுபடி ஆரம்பியுங்கள். கோணலாக வந்த ஸ்லைடின் கால்கள் இணையாக இருக்காது, அது திரும்ப உள்ளே போகும்போது மறுபடி சிக்கும். வெளியே வந்த பிறகு ஒவ்வொரு காலையும் தனியாகச் செருகிப் பாருங்கள். தனித்தனியாக வழுக்கிப் போய், சேர்த்துப் போட்டால் இறுகினால், கால்கள் விரிந்தோ குறுகியோ இருக்கின்றன. கையால் கொஞ்சமாக நெருக்கியோ விலக்கியோ சரி செய்யலாம்.

வால்வுகள் உள்ளே இருக்கும் கருவியில் ஸ்லைடை இழுக்கும்போது அந்த வால்வை அமுக்கிக்கொண்டுதான் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்று வெறுமையாகி, பிஸ்டன் மேல் பாரம் விழும்.

6. குளிப்பாட்டுதல்

ஒடுக்கு, பற்று, தக்கை எதற்கும் முன்னால் இது. உள்ளே இருக்கும் அழுக்கும் பழைய ஆயிலும் போகாமல் தீயைக் காட்டினால் புகைந்து கரியாகும். குண்டு உருட்டினால் அந்த அழுக்கை அது குழாயின் சுவரில் அப்பிவிடும்.

குழந்தையைக் குளிப்பாட்டும் வெதுவெதுப்பே போதும். கொதிநீர் மேல்பூச்சை உரித்துவிடும். பெரிய டப்பில் சோப்புத் திரவம் கலந்து, கருவியை அரை மணி நேரம் ஊறவிட்டு, பிரஷ் விட்டு இழுங்கள். லீட்பைப்பிலிருந்து வரும் பச்சை நிறக் கூழைப் பார்த்தால் ஊதுபவர் அடுத்த வாரமே மறுபடி கழுவுவார். ஃபெல்ட், தக்கை, ஸ்பிரிங் எதையும் ஊறப்போட வேண்டாம். பிஸ்டன்களைத் தனித்தனியே பஞ்சுபோன்ற துணியால் கழுவி, மெத்தையான துண்டின் மேல் படுக்க வையுங்கள். நிற்க வைத்தால் உருண்டு விழும்.

வீட்டில் பெரியவர்கள் புளி போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். குத்துவிளக்குக்கு அது சரி. ட்ரம்பெட்டின் மேல்பூச்சை அது கீறும், பூச்சு போன இடத்தில் புளிப்பு பித்தளையை இளஞ்சிவப்பாக்கும், இடுக்கில் தங்கியது களிம்பாகும்.

7. கசிவைத் தேடுதல்

இப்போது எல்லாம் சுத்தமாக, பிரிந்து இருக்கிறது. கசிவு தேட இதை விட நல்ல நேரம் கிடையாது.

மெயின் டியூனிங் ஸ்லைடின் ஒரு காலை விரலால் அடைத்து, மற்றதை உதட்டால் கவ்வி உறிஞ்சுங்கள். உதடு ஒட்டிக்கொண்டு சில வினாடிகள் நிற்க வேண்டும். உடனே விட்டுவிட்டால் வாட்டர் கீ கசிகிறது. வாட்டர் கீயின் ஓட்டையை விரலால் அழுத்திக்கொண்டு மறுபடி உறிஞ்சினால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

லீட்பைப்புக்கு, சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவர் செய்வதேதான். டியூனிங் ஸ்லைடு இல்லாமல், அதன் குழாய் முனையை ரப்பர் தக்கையால் அடைத்து, லீட்பைப்பைத் தண்ணீருக்குள் வைத்து, மவுத்பீஸ் பக்கத்தில் பிளாஸ்டிக் டியூபைச் செருகி ஊதுங்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஸ்கெட்ச் பேனாவால் வட்டமிடுங்கள். கசிவு இணைப்பில் என்றால் பற்று வைத்தால் போதும். குழாயின் நடுவிலேயே குமிழி வந்தால் அது அரித்த குழாய்.

எம்-சீல் அப்பி அடைத்துவிடலாமே என்று கேட்பார்கள். ஒரு நிகழ்ச்சியை ஓட்டலாம். ஆனால் நாளைக்கு அங்கே பற்று வைக்க வேண்டும் என்றால் அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதே ஒரு நாள் வேலை, ஒரு துளி மிச்சமிருந்தாலும் ஈயம் ஒட்டாது.

8. ஒடுக்கு எடுத்தல்

எல்லா ஒடுக்கையும் எடுக்க வேண்டியதில்லை. பெல்லின் விரிந்த பகுதியில் இருக்கும் சின்ன ஒடுக்கு ஒலியைப் பெரிதாக மாற்றாது. லீட்பைப்பிலோ டியூனிங் ஸ்லைடிலோ இருக்கும் அதே அளவு ஒடுக்கு சுருதியையும் ஊதும் சுலபத்தையும் கெடுக்கும். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு முக்கியம். நேரம் குறைவென்றால் மவுத்பீஸ் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

பித்தளை தட்டத் தட்ட இறுகும் உலோகம். பாத்திரப் பட்டறையில் கேட்டால் சொல்வார்கள், இறுகியதைச் சூடாக்கி இளக்காமல் மேலும் தட்டினால் விரிசல் விடும் என்று. பெல்லின் தகடு அரை மில்லிமீட்டர் சுமார்தான். அதனால் எத்தனை குறைவாகத் தட்டுகிறோமோ அத்தனை நல்லது.

பெல்லில்: கடைந்த கட்டையை மேஜையில் இறுக்கிப் பிடித்து, பெல்லை அதன் மேல் கவிழ்த்து மாட்டுங்கள், ஒடுக்கின் உள்பக்கம் கட்டையில் படும்படி. பெல் என்பது நாதஸ்வரத்தில் அணசு என்போமே, அந்த இடம். ஒடுக்கைச் சுற்றி விரலை ஓட்டினால் ஒரு வரப்பு தட்டுப்படும். குழி விழுந்தபோது பக்கத்தில் எழும்பிய வரப்பு அது. அந்த வரப்பைத்தான் முதலில் தணிக்க வேண்டும். வெளியிலிருந்து வழவழப்பான எஃகுக் கரண்டியின் முதுகாலோ தேய்ப்பானாலோ, ஒரு சொட்டு ஆயில் விட்டு, வரப்பின் மேல் சின்னச் சின்ன வட்டமாக அழுத்தித் தேய்த்துக்கொண்டே குழியின் நடுவை நோக்கி வாருங்கள். வரப்பு தணியத் தணியக் குழி தானாகவே மேலே வருவதைக் காணலாம்.

புதியவர்கள் எல்லோரும் குழியின் நடுவில் உள்ளிருந்து ஒரு தட்டுத் தட்டுவார்கள். நடு எழும்பும், வரப்பு பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு அந்த இடம் எப்போதும் அம்மைத் தழும்புபோல் இருக்கும்.

பெல்லின் விளிம்பு வளைந்திருந்தால், தடித்த துணி விரித்த பலகையில் பெல்லைக் கவிழ்த்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்திச் சமப்படுத்துங்கள். கூர்மையாக மடிந்து கோடு விழுந்துவிட்டதா, அதைத் தொடாதீர்கள். மடிப்பில் தகடு ஏற்கெனவே களைத்துவிட்டது, இன்னொரு வளைப்பில் விரிசல் விடும்.

வளைந்த குழாய்களில்தான் பால்ரஸ் வேலை. ஒடுக்கு இல்லாத பகுதியில் தாராளமாக உருளும் குண்டை எடுங்கள். அதை ஒடுக்கு வரை விட்டு, பின்னால் அதை விடச் சிறிய குண்டு ஒன்றை விடுங்கள். இரண்டு முனையையும் விரலால் அடைத்து, குழாயை வேகமாகக் குலுக்குங்கள். சின்னக் குண்டு பெரிய குண்டின் முதுகில் மோதி, பெரியது ஒடுக்குக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழையும். அது ஒடுக்குக்கு அடியில் நிற்கும்போது, வெளியிலிருந்து ஒடுக்கின் ஓரத்தைத் தோல் சுத்தியலால் சுற்றிவரத் தட்டினால், தகடு குண்டின் வடிவத்துக்கு இணங்கும். தாண்டிப் போனதும் அடுத்த அளவு.

அளவைத் தாண்டித் தாவாதீர்கள். பொறுமையில்லாமல் ஒரேயடியாகப் பெரிய குண்டை விட்டவர்கள் கருவியை அந்தக் குண்டோடு கொண்டு வருவார்கள். அப்படிச் சிக்கிவிட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து சின்னக் குண்டை விட்டுக் குலுக்கி, வந்த வழியே திருப்பி அனுப்புங்கள். முன்பக்கமாகத் தள்ளித் தீர்க்கப் பார்த்தால் குழாய் வீங்கும், வீக்கத்தை உள்ளே அனுப்ப வழியில்லை.

9. விட்டுப்போன பற்றை வைத்தல்

ஒடுக்குக்குப் பிறகுதான் பற்று. முதலில் பற்று வைத்துவிட்டு ஒடுக்குத் தட்டினால் அந்த அதிர்வில் மறுபடி விடும்.

பிரேஸ், குழாய் இணைப்பு எல்லாம் ஈயப் பற்றால்தான் ஒட்டப்பட்டவை. 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 அளவில் முழுதாக ஓடும். ஈயம் கலக்காதவை 220 டிகிரி பக்கத்தில். வாய் வைக்கும் பக்கத்துக்கு ஈயம் கலக்காததையே வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே எதையும் சாப்பிடுங்கள்.

தீயைத் தொடும் முன் ஒரு சோதனை. பிரேஸை அதன் இடத்தில் வைத்துக் கையை எடுங்கள். அது தானாகப் பொருந்தி உட்கார வேண்டும். அழுத்திப் பிடித்தால்தான் உட்காருகிறது என்றால் குழாய் எங்கோ வளைந்திருக்கிறது, அதை முதலில் நேராக்குங்கள். விறைப்போடு ஒட்டிய பற்று ஒரு மாதத்தில் விடும். விட்டுப்போன பற்றுகளில் பாதிக்கு மேல் இப்படி யாரோ முன்பு அழுத்திப் பிடித்து ஒட்டியவைதான் என்பது என் அனுபவம்.

பொருந்தியதும், இரண்டு பரப்பையும் பழைய ஈயம் போகச் சுரண்டி, பித்தளை பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். கறுத்த பித்தளையில் ஈயம் முத்து முத்தாக உருண்டு ஓடும். ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) தடவி, கட்டுக்கம்பியால் கட்டுங்கள். பக்கத்தில் வேறு பற்று இருந்தால் அதன் மேல் ஈரத்துணி சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஒன்றை ஒட்டும்போது இன்னொன்று கழன்று விழும். வால்வு, ஃபெல்ட், தக்கை எதுவும் கருவியில் இருக்கக் கூடாது.

மென்மையான தீ. ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே, கனமான பாகத்தை முதலில் சூடாக்குங்கள். மெல்லிய குழாய் சீக்கிரம் சூடேறும், கனமான பிரேஸ் பிந்தும். இரண்டும் ஒன்றாகச் சூடேறினால்தான் ஈயம் இரண்டையும் பிடிக்கும். ஃபிளக்ஸ் குமிழிட்டு அடங்கியதும் தீயை விலக்கி, சால்டர் கம்பியை இடுக்கில் தொடுங்கள். தொட்டதும் அது வெள்ளிக் கோடாக இடுக்குக்குள் ஓடும். ஓடவில்லையென்றால் சூடு போதவில்லை. கம்பியைத் தீயில் உருக்கிச் சொட்டவிட்டால் மேலே கட்டியாக நிற்கும், உள்ளே ஒன்றும் பிடிக்காது. ஈயம் சூடு இருக்கும் பக்கத்துக்கே போகும், அதனால் ஈயம் எங்கே போக வேண்டுமோ அங்கே சூட்டைக் காட்டுங்கள்.

ஈயம் மினுமினுப்பை இழந்து மங்கும்வரை கருவியைத் தொடாதீர்கள். ஆறியதும் சமையல் சோடா கரைத்த வெதுநீரில் அந்த இடத்தை நன்றாகக் கழுவுங்கள். கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ் ஒரே வாரத்தில் பச்சைக் களிம்பு கட்டும். சுற்றியிருந்த மேல்பூச்சு கொஞ்சம் கருகத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. கருவி யாருடையதோ அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

10. தக்கை, ஃபெல்ட், ஸ்பிரிங்

வாட்டர் கீ தக்கையைச் சுரண்டி எடுத்து, கிண்ணத்தில் ஒட்டிய பழைய பசையையும் துடையுங்கள். புதிய தக்கை கிண்ணத்தை விடச் சற்று உயரமாக, முகம் மட்டமாக இருக்கட்டும். மூடும்போது தக்கையின் முகம் ஓட்டையின் விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் பட வேண்டும். பட்டதா என்பதற்கு, ஒரு நாள் மூடி வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். தக்கையில் முழு வட்டமாக ஒரு தடம் விழுந்திருக்கும். அரை வட்டம்தான் என்றால் சீவ வேண்டும். ஸ்பிரிங் ஒடிந்துபோய் நிகழ்ச்சி நெருங்கிவிட்டால், ரப்பர் பேண்டைச் சுற்றி மூடி வைத்து அன்றைக்கு ஊதிவிடலாம்.

ஃபெல்ட் வெறும் சத்தத்தைக் குறைக்க வைத்தது என்று நினைக்காதீர்கள். பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அமுங்கிப்போன ஃபெல்ட்டோடு பிஸ்டன் கூடுதலாக இறங்கினால் ஓட்டையும் ஓட்டையும் நேருக்கு நேர் வராது. இரண்டாவது ஸ்லைடைக் கழற்றி, அந்த வால்வை அமுக்கிப் பிடித்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். முழு வட்டம் தெரிய வேண்டும். பிறை தெரிந்தால் ஃபெல்ட்டை மாற்றுங்கள்.

வால்வு மெதுவாக எழும்பினால் ஸ்பிரிங்கைக் கையால் இழுத்து நீட்டுவது பலருக்கும் பழக்கம். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு மூன்று வால்வும் மூன்று விதமாக எழும்பும். மூன்று ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

11. கூட்டி மாட்டுதல்

ஸ்லைடுகளுக்கு கிரீஸ் தடவி உள்ளே விடுங்கள், வழிந்ததைத் துடையுங்கள். கிரீஸ் வால்வுக்குள் போனால் பிஸ்டன் மந்தமாகும். பிஸ்டனில் நாலைந்து சொட்டு வால்வு ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியற்காலையில், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்னால், மூன்று வால்வும் வெண்ணெயில் நட்ட மாதிரி நிற்பதைக் கொடைக்கானல் பக்கம் பார்த்திருக்கிறேன்.

பிஸ்டனை உள்ளே விட்டு, வழிகாட்டி "டிக்" என்று பள்ளத்தில் விழும்வரை மெதுவாகத் திருப்புங்கள். பெரும்பாலான கருவிகளில் எண் மவுத்பீஸ் பக்கம் பார்க்கும். காற்றே போகாமல் அடைத்துக்கொண்டால் பதறாதீர்கள், வால்வுகள் இடம் மாறியிருக்கும் அல்லது ஒன்று திரும்பி நிற்கும்.

இப்போது, இந்தச் சோதனைக்கு மட்டும், முதலாவது வால்வை அமுக்காமல் அதன் ஸ்லைடைச் சிறிது வெளியே இழுத்து, பிறகு வால்வை அமுக்குங்கள். "பட்" என்று சத்தம் கேட்டால் பிஸ்டன் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. கொஞ்சம் இழுத்தால் போதும், முரட்டுத்தனமாக வேண்டாம். மூன்றாவதற்கும் இதே சோதனை.

கடைசியாக, முதல் நாள் எழுதி வைத்த தாளை எடுத்து, அதே வரிசையில் ஊதிப் பாருங்கள். ஒன்றும் அமுக்காமல், பிறகு 2, 1, 3 என்று. மாறாத வரி ஏதாவது இருந்தால் அந்தப் பாகத்தை மட்டும் மறுபடி கழற்றுங்கள். மற்றதைத் தொட வேண்டாம்.